குளிப்பாட்டாமல் கொண்டுவந்த பிள்ளை

பிரிக்பீல்ட்ஸில் ஒரு குழந்தை நல நிலையத்தில் நான் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, வேலை பார்த்தபோது, கைக்குழந்தைகளுக்குப் பரீட்சை வைக்கச் சொல்லி என்னை வீடு வீடாக அனுப்பினார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, பரீட்சைதான். கேள்விகள் உண்டு, தேறினவர் உண்டு, தேறாதவர் உண்டு. பரீட்சை எழுதுகிறவருக்கு வயது ஆறு வாரம்.

யோசனை எங்கள் டாக்டரம்மாவுடையது. வெள்ளைக்கார அம்மாள். லீவில் சீமைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அச்சடித்த அட்டைகளை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தார். அதுவரை நாங்கள் பிள்ளைகளை நிறுப்போம், சொறிக்கு மருந்து போடுவோம், டப்பாப் பால் கரைக்கக் கற்றுக்கொடுப்போம். இனிமேல் நோய் நொடி இல்லாத பிள்ளைகளையும் பார்க்க வேண்டும், மூளையும் நரம்பும் நாளுக்கு நாள் ஒழுங்காக வளர்கிறதா என்று வாரக் கணக்கில் எழுத வேண்டும் என்றார். முகம் பார்த்துச் சிரிக்கிறதா? ஆட்டிக் காட்டும் பொருளைக் கண் தொடர்கிறதா? மணிச் சத்தத்துக்கு அசைகிறதா? உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுக்கிப் பிடிக்கிறதா? குப்புறப் போட்டால் தலையைத் தூக்குகிறதா? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’. இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் எழுதக் கூடாது.

யோசனையை நான் குறை சொல்லவில்லை. கண் தெரியாத பிள்ளையை, காது கேளாத பிள்ளையை ஒரு வயது வரைக்கும் யாரும் கவனிக்காமல் விட்டதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த அட்டையை எழுதிய புண்ணியவான் ஒரு நாளாவது ரயில்வேக் கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டுக்குள் குனிந்து நுழைந்து, ஒரு பிள்ளையைப் பாயில் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால் கட்டங்களைக் கொஞ்சம் பெரிதாகவாவது போட்டிருப்பார்.

முதலில் அந்த மணி. லயத்தின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் தண்டவாளம். பொழுதுக்கும் என்ஜின் முன்னே போகும், பின்னே வரும், வண்டிகளை முட்டிக் கோக்கும். அந்த இரைச்சலில் பிறந்து அந்த இரைச்சலில் பால் குடிக்கிற பிள்ளை, என் கையில் இருந்த சுண்டு விரல் அளவு மணிக்கு எதற்காகத் திரும்பப் போகிறது? திரும்பியதெல்லாம் அக்கம்பக்கத்துப் பெண்கள்தான். மணியை இரண்டு தரம் ஆட்டினால் வாசலில் ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். ஒருத்தி ஐஸ் தண்ணிக்காரன் வந்துவிட்டான் என்று கிண்ணத்தோடு ஓடிவந்தாள். இல்லை என்றதும் என்மேல்தான் கோபித்துக்கொண்டாள்.

அடுத்தது சிவப்பு நூல் பந்து. பிள்ளையின் முகத்துக்கு நேரே தொங்கவிட்டு மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்ட வேண்டும். கண் தானாகப் பின்னால் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பெற்றவள் சும்மா இருந்தால்தானே. “பாரு பாரு, மிஸ்ஸி பந்து காட்டுறாங்க பாரு” என்று பிள்ளையின் தாடையைப் பிடித்துப் பந்து போகும் திசைக்கெல்லாம் திருப்பிக் காட்டுவாள். கையை எடு அம்மா என்றால் எடுப்பாள். எடுத்த மறுகணம் பக்கத்து வீட்டுக்காரி பிடித்துக்கொள்வாள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் திடீரென்று தட்டிச் சத்தம் எழுப்பினால், நரம்பு நன்றாக இருக்கிற சின்னப் பிள்ளை இரண்டு கையையும் விரித்து உதறி, பிறகு எதையோ கட்டிக்கொள்வது மாதிரி மடக்கும். அப்படிச் செய்தால் எனக்குச் சந்தோஷம், ‘ஆம்’ போட்டுவிடலாம். பெற்றவளுக்கு அது பயந்த கோளாறு. பிள்ளையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, பயமுறுத்திவிட்டாள் பாவி என்று என் காது படவே சொல்லுவாள். சாயங்காலமே மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு போவார்கள். அடுத்த முறை நான் போனால் பிள்ளையின் இடுப்பில் புதுக் கறுப்புக் கயிறு இருக்கும், வாசலில் இருக்கும் பெண் என்னைக் கண்டதும் பிள்ளை தூங்குகிறது என்பாள்.

சரி, வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அது இதைவிட மோசம். சிரிக்கிறானா என்று கேட்டால், “எங்கங்க, அதுக்கு என்னாத் தெரியும்” என்பார்கள். முகம் அடையாளம் தெரிகிறதா? சும்மா கிடக்குங்க. தலை நிற்கிறதா? எங்கே நிற்கிறது, தொங்கிப் போய்த்தான் கிடக்குது. பிள்ளை அந்த நேரம் என் தொப்பியைப் பார்த்துப் பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருக்கும். பெற்றவள் தன் வாயாலே பிள்ளையின் சமர்த்தைச் சொன்னால் கண் பட்டுவிடும். கன்னத்தில் மைப்பொட்டு வைக்கிறார்களே, அதைப் போலப் பேச்சிலும் ஒன்று வைத்துவிடுவார்கள். இது எனக்குத் தெரியாததா? கிள்ளானில் என்னையும் என் அம்மா அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் வளர்த்தாள், இந்த மக்குக்கு ஒன்றும் வராது என்று. ஆனால் வெள்ளைச் சீருடையைப் போட்டுக்கொண்டு அட்டையைக் கையில் எடுத்ததும் தெரிந்ததெல்லாம் எனக்கு மறந்து போயிற்று.

அந்த லயத்தின் கோடி வீட்டில் ஒரு பெண் இருந்தாள். இருபது வயதுகூட இருக்காது. கல்யாணமாகி நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவள். புருஷன் தண்டவாளம் செப்பனிடும் கூட்டத்தில் வேலை. கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவளுடைய அண்ணன் ஒருவன் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தான். அவனை விட்டால் இந்த ஊரில் அவளுக்குச் சொந்தம் என்று யாரும் இல்லை. தலைப்பிள்ளை, ஆண். பிரசவம் பார்த்ததும் நான்தான்.

அவளைப் போலச் சுத்தமான பெண்ணை அந்த லயத்தில் நான் பார்த்ததில்லை. ஒரே அறைதான், ஆனால் தரையில் ஒரு சோற்றுப் பருக்கை கிடக்காது. வீட்டுக்குப் போகுமுன் முதல் நாளே சொல்லி அனுப்ப வேண்டும், தாய்மார்களிடம் மரியாதையாக நடக்க வேண்டும் என்பது டாக்டரம்மாவின் சட்டம். நானும் முதல் நாளே ஆள் விட்டுச் சொல்லிவிடுவேன். மறுநாள் ஒன்பது மணிக்கு நான் அந்த வீட்டு வாசலில் நிற்கும்போதே சாம்பிராணி வாசனை வரும். பிள்ளை தேய்த்துக் குளித்து, பவுடர் போட்டு, மை வைத்து, வெளுத்த துணியில் கிடக்கும். எனக்கு மனம் குளிர்ந்துவிடும். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, சுத்தம் என்றால் என்ன என்று இவளிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்று சத்தம் போட்டுச் சொல்லுவேன். அவள் தலையைக் குனிந்துகொள்வாள், ஆனால் காது வரைக்கும் சிரிப்பு இருக்கும்.

ஆனால் பிள்ளை பரீட்சையில் தேறவில்லை. ஆறாம் வாரம் போனேன், சிரிக்கவில்லை. பந்தை ஆட்டினேன், கண் பாதி திறந்து பாதி மூடியது. கையைப் பிடித்துத் தூக்கினால் தலை துணிப்பொதி மாதிரிப் பின்னால் விழுந்தது. எட்டாம் வாரமும் அப்படியே. பத்தாம் வாரமும் அப்படியே. சிரிக்கிறானா, உன்னைப் பார்க்கிறானா என்று மூன்று முறையும் அவளைக் கேட்டேன். மூன்று முறையும், அதுக்கு ஒன்றும் தெரியாதுங்க என்றாள். மூன்று அட்டையிலும் வரிசையாக ‘இல்லை’ என்று எழுதினேன், என் அழகான மிஷன் பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில்.

தூங்கி வழிகிற பிள்ளையைச் சோதிக்காதே என்று அட்டையின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. நான் உள்ளங்காலைச் சுண்டி எழுப்பித்தான் சோதித்தேன். கண்ணைத் திறந்தான், விழித்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் எனக்குப் பத்துப் பதினோரு வீடு பாக்கி. இதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

டாக்டரம்மா ரவாங், கிள்ளான் என்று சுற்றிக்கொண்டிருப்பார். எங்கள் நிலையத்தில் மாதத்துக்கு ஒரு வியாழக்கிழமைதான் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்ப்பார். மற்ற நாட்களில் அட்டைகள் மட்டும் அவரிடம் போய் வரும். மூன்று அட்டையையும் பார்த்துவிட்டு, பிள்ளையின் மூளை வளர்ச்சி மந்தம், பார்வையும் குறைவாக இருக்கலாம், தகப்பனுக்குத் தெரிவிக்கவும் என்று எழுதி அனுப்பினார். தெரிவித்தேன். அந்த மனிதன் வேலை முடிந்து கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றபடியே கேட்டான். இது சரியாகுமா மிஸ்ஸி என்று ஒரே ஒரு கேள்விதான். பார்க்கலாம் என்றேன். சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

பத்து நாள் கழித்து, தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி போகிற போக்கில் எனக்குச் செய்தி சொன்னாள். கோடி வீட்டுக்காரன் பெண்டாட்டியையும் பிள்ளையையும் இந்தியாவுக்கு அனுப்புகிறானாம். வருகிற சனிக்கிழமை கிள்ளான் துறையில் கப்பலாம். அங்கே கோயிலில் வைத்தோ வைத்தியரிடம் காட்டியோ சரிப்பண்ணிக்கொண்டு வரட்டும் என்றானாம்.

கொண்டு வரட்டும் என்பதெல்லாம் வாய்ப்பேச்சு. ரப்பர் விலை விழுந்து, ரயில்வேயிலும் ஆள் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. கப்பல் கப்பலாக நம் ஆட்களை ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். போனவர்கள் திரும்பி வர வழியில்லை என்பது லயத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவளும் போனால் போனதுதான். புருஷன் இங்கே, அவள் அங்கே, மந்தம் என்று பெயர் வாங்கிய ஒரு பிள்ளை அவள் இடுப்பில். இவ்வளவுக்கும் காரணம் நான் எழுதிய மூன்று அட்டை.

மறுநாள், அது புதன்கிழமை, விடிந்ததும் விடியாததுமாக லயத்துக்குப் போனேன். அவன் வேலைக்குக் கிளம்புமுன் பிடித்துவிட வேண்டும், நாளை டாக்டரம்மா நிலையத்தில் உட்காருகிற வியாழக்கிழமை, அவர் நேரில் பார்க்கும் வரைக்குமாவது பொறு என்று சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். ஆள் விட்டுச் சொல்லவில்லை. அதற்கு எங்கே நேரம்?

கதவு திறந்திருந்தது. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பில் ஊதிக்கொண்டிருந்தாள். பிள்ளை பாயில் கிடந்தது. குளிக்கவில்லை. நேற்று வைத்த மை கன்னம் பூராவும் ஈஷியிருந்தது. இரண்டு காலையும் மாற்றி மாற்றி உதைத்துக்கொண்டு, அடுப்பிலிருந்து பறக்கிற தீப்பொறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எழுந்து தண்ணீர்ப் பானைக்குப் போனாள், அவன் கண்ணும் பானைக்குப் போனது. அவள் திரும்பி வந்தாள், அவனும் திரும்பி வந்தான். அவள் குனிந்து, என்னா ராசா என்றாள். அவ்வளவுதான், முகமெல்லாம் வாயாகச் சிரித்து ஆ ஊ என்று பதில் சொன்னான். அவள் அவனைக் குப்புறப் போட்டாள். தலையை நிமிர்த்தி, வாசலில் நிற்கிற என்னை நேராகப் பார்த்தான்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. யார்மேல் என்று கேட்டால் அதையும் சொல்லத் தெரியாது. அவள் என்னைக் கண்டதும் பதறிப் போய்ப் பிள்ளையை முந்தானையால் மூடினாள். இன்னும் குளிக்க வைக்கலீங்க மிஸ்ஸி, நீங்க வரேன்னு சொல்லலியே, செத்த இருங்க, வெந்நீர் வச்சிடுறேன் என்றாள். நான் உள்ளே போய் முந்தானையை விலக்கி, பந்தை ஆட்டினேன், விரலை நீட்டினேன், கையைப் பிடித்துத் தூக்கினேன். பையன் எல்லாவற்றுக்கும் ‘ஆம்’. மணிக்கு மட்டும் திரும்பவில்லை, என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

எப்போதும் எத்தனை மணிக்குக் குளிப்பாட்டுவாய் என்று கேட்டேன். மற்ற நாள் சாயங்காலம், மிஸ்ஸி வருகிற நாள் மட்டும் காலையில் என்றாள். நல்லெண்ணெயைக் காய்ச்சித் தலை முதல் கால் வரை தேய்த்து, காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலில் பிள்ளையைப் போட்டு, பொறுக்கிற சூட்டில் ஐந்து குடம் வெந்நீர் ஊற்றி, கை கால் நீவி, சாம்பிராணி காட்டி, வயிறு முட்டப் பால் கொடுத்து, துணியில் சுற்றிப் போடுவாளாம். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் தூங்குவான்? “மத்தியானம் வரைக்கும் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவாங்க. நீங்க எழுப்புவீங்க, அப்பவும் கண்ணைத் தொறந்துட்டு மூடிக்குவான்.”

எட்டரைக்குக் குளிப்பு. ஒன்பதுக்கு நான். ஒரு பெரிய ஆளை அப்படித் தேய்த்துக் குளிப்பாட்டிச் சோறு போட்டுப் படுக்க வைத்தால், அவரும்தான் என் பந்தைப் பார்க்க மாட்டார். மற்றவர்கள் மூன்றாவது நான்காவது பிள்ளைக்காரர்கள், மிஸ்ஸி வந்தால் வரட்டும் என்று இருந்துவிட்டார்கள். இவள் ஒருத்திதான் எனக்காக மெனக்கெட்டு மெனக்கெட்டுக் குளிப்பாட்டினாள். நானும் ஊரைக் கூட்டிப் பாராட்டினேன். பாராட்டப் பாராட்ட இன்னும் ஒரு குடம் கூடுதலாக ஊற்றியிருப்பாள்.

சிரிக்கிறான், பார்க்கிறான் என்று நான் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்றேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, “உங்க கண்ணு பட்டுரும்னுதான் மிஸ்ஸி” என்றாள்.

புருஷன் குழாயடியிலிருந்து வந்தான். பிள்ளை நன்றாக இருக்கிறான், அனுப்பாதே என்றேன். அவன் நம்பவில்லை. நீங்கதானே மந்தம்னு சொன்னீங்க, இப்ப நீங்களே இல்லைங்கிறீங்க என்றான். டாக்டரம்மா எழுதிக் கொடுத்தால் நிறுத்துகிறேன் என்றான். அவன் பேச்சில் நியாயம் இருந்தது, அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

அன்று மத்தியானம் டாக்டரம்மாவுக்கு டெலிபோனில் சொன்னேன். பிள்ளை தேறிவிட்டது போலிருக்கிறது, மறுபடி பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். எண்ணெய்க் குளியல் கதையைச் சொல்லவில்லை. மூன்று முறை நீயே இல்லை என்று எழுதியிருக்கிறாயே என்றார். ஆமாம் என்றேன். சரி, நாளை பத்து மணிக்குக் கொண்டுவரச் சொல், நானே பார்க்கிறேன் என்றார்.

சாயங்காலம் மறுபடி லயத்துக்கு ஓடினேன். வெள்ளைக்கார டாக்டரம்மாவே பார்க்கப் போகிறார் என்று கேட்டதும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கண் எண்ணெய்க் குப்பியைத் தேடிப் போனது. நாளைக்குக் குளிப்பாட்டாதே என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எண்ணெய் வேண்டாம் என்றேன். வெறும் வெந்நீர் மட்டும் ஊற்றுகிறேன் என்றாள். வெந்நீரும் வேண்டாம் என்றேன். முகமாவது துடைத்து, நல்ல சட்டை போட்டு, கொஞ்சம் சாம்பிராணி... அவள் அடுக்கிக்கொண்டே போனாள். காலையிலிருந்து அலைந்த அலைச்சலில் எனக்குப் பொறுமை போய்விட்டது. “ஒரு சொட்டுத் தண்ணி அவன்மேல படக் கூடாது. இன்னிக்கு எப்படி இருக்கானோ அப்படியே தூக்கிட்டு வா” என்று கத்திவிட்டேன்.

“அழுக்கா எப்படி மிஸ்ஸி நாலு பேர் நடுவுல தூக்கிட்டு வர்றது?” என்றாள். அழுகிற குரலாக இருந்தது. கப்பலேறப் போகிறாயா, அழுக்காக வருகிறாயா என்று கேட்டேன்.

நான் சொன்னதைச் சொன்னபடியே செய்தாள். சொன்னதற்கு மேலேயே செய்தாள். வியாழக்கிழமை நிலையத்து வராந்தாவில் நாற்பது தாய்மார்கள் வெளுத்த சேலையில் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தார்கள். இவள் ஒரு மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளையின் கழுத்து மடிப்பில் புளித்த பால், கன்னத்தில் இரண்டு நாள் மை, நனைந்த துணியைக்கூட மாற்றவில்லை. மாற்றினால் காலைத் துடைக்க வேண்டி வருமே, தண்ணீர் பட்டுவிடுமே என்று பயந்திருக்கிறாள். பக்கத்தில் இருந்த பெண்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். நான் ஊரைக் கூட்டிப் பாராட்டினேனே, அதைக் கேட்டவர்களும் அதில் இருந்தார்கள்.

டாக்டரம்மா பிள்ளையை மேசையில் கிடத்தினார். பையன் அன்றைக்குக் காட்டிய காட்டு இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். பந்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை விடாமல் பார்த்தான். விரலைக் கொடுத்தால் தொங்கிக்கொண்டு வந்தான். குப்புறப் போட்டால் மார்பையே தூக்கினான். மணிச் சத்தத்துக்குக்கூட அசைவை நிறுத்திக் காது கொடுத்துக் கேட்டான், அங்கே என்ஜின் இல்லை. கடைசியில் டாக்டரம்மாவின் மூக்குக் கண்ணாடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவரைப் பார்த்துச் சிரித்து, அவர் கையை நனைத்தும் விட்டான்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, புது அட்டையை எடுத்துக்கொள் என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதுவது என் வேலை. வளர்ச்சி எல்லா வகையிலும் வயதுக்குத் தகுந்தபடி இருக்கிறது என்றார். எழுதினேன். அவர் பிள்ளையின் கழுத்து மடிப்பை விரலால் விலக்கிப் பார்த்தார். துணியைப் பார்த்தார். பிறகு அவளை மேலும் கீழும் பார்த்தார். அடுத்த வரியைச் சொன்னார். பிள்ளை அழுக்காகக் கொண்டுவரப்பட்டது, தாய் சுத்தமில்லாதவள், அக்கறையற்றவள், கண்டித்துச் சொல்லவும்.

என் பேனா நின்றது. நான்தான் குளிப்பாட்டாதே என்றேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்பார். சொன்னால், முந்திய மூன்று அட்டையும் தூங்குகிற பிள்ளையைச் சோதித்து எழுதியவை என்று தெரிந்துவிடும். அது தெரிந்தால் அலமாரியில் இருக்கிற என் மற்ற அட்டைகள் எல்லாம் என்ன ஆகும்? அந்த மாதம்தான் எங்களில் இரண்டு பேரை வேலையை விட்டு நீக்கியிருந்தார்கள். லயத்துப் பெண்களிடமும் வாசலில் கூடுகிறவர்களிடமும் நீண்ட என் நாக்கு அந்த அறைக்குள் அசையவில்லை. பயந்துவிட்டேன். இதற்கு வேறு பெயர் இல்லை. அவர் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் எழுதினேன், அவர் கீழே கையெழுத்துப் போட்டார்.

அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. வெளியே வந்ததும், என்னா எழுதினாங்க என்று கேட்டாள். பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று எழுதியிருக்கிறார் என்றேன். ரெண்டு வரி இருக்கே என்றாள். தாயும் நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள் என்று எழுதியிருக்கிறார் என்றேன். புருஷனிடம் காட்ட வேண்டும் என்று அவள் அட்டையை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். பிறகு நிலையத்துக் குழாயடிக்கு ஓடி, அங்கேயே பிள்ளையைக் குளிப்பாட்டினாள்.

அட்டையில் டாக்டரம்மாவின் கையெழுத்தைப் பார்த்ததும் புருஷன் கப்பல் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அவள் இங்கேயே இருந்தாள். மற்ற வீடுகளுக்கு நான் சொல்லாமல் கொள்ளாமல் போக ஆரம்பித்தேன். சட்டத்தை மீறுகிறாய் என்று அதற்கும் ஒரு திட்டு வாங்கினேன்.

பொங்கலுக்கு மறுநாள் அவள் வீட்டுப் பக்கம் போனபோது உள்ளே கூப்பிட்டாள். தோட்டத்திலிருந்து அவள் அண்ணன் வந்திருந்தான். சாமி படங்களுக்கு நடுவில் அந்த அட்டையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள். நாலு மூலையிலும் சந்தனம், டாக்டரம்மாவின் கையெழுத்துக்கு மேலே குங்குமம். அண்ணனுக்கு ஒரு தரம் படித்துக் காட்டுங்க மிஸ்ஸி, நான் சொன்னா நம்ப மாட்டேங்குது என்றாள். படத்தை இறக்கி என் கையிலேயே கொடுத்தாள்.

படித்தேன். பிள்ளை நல்ல வளர்ச்சியோடு இருக்கிறான். தாய் பிள்ளையைச் சுத்தமாக, அக்கறையாக வைத்திருக்கிறாள். அவள், அந்த ரெண்டாவது வரியை இன்னொரு தரம் படிங்க என்றாள். இன்னொரு தரம் படித்தேன். அண்ணன், என் தங்கச்சியாச்சே என்று சொல்லிச் சிரித்தான்.

இந்த அட்டையை நிலையத்தில் வைக்க வேண்டும், கொடுத்துவிடு, வேறு ஒன்று எழுதித் தருகிறேன் என்றேன். குரல் சாதாரணமாக இருக்க வேண்டுமே என்று பார்த்துக்கொண்டேன். அவள் படத்தை என் கையிலிருந்து மெல்ல வாங்கி, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள்.

“குடுக்க மாட்டேன் மிஸ்ஸி. இனிமே உங்களுக்கும் தொந்தரவு இல்ல. இவனை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல போடப் போறோம். இவனே படிச்சுக் காட்டுவான்” என்று சொல்லி, பழைய ஆணியிலேயே மாட்டினாள்.